வெள்ளிக்கிழமை உப்பு

அன்ரியிடமிருந்து ஓர் 'ஓம்' வாங்குவது, விசாக் கொடுக்கும் பிரிபெக்சர் கந்தோரில் ரந்தேவு, அதாவது சந்திப்பு நேரம், எடுப்பதைவிடக் கஷ்டம். பிரிபெக்சரிலாவது கணினியில் திரும்பத் திரும்பத் தட்டினால் என்றைக்காவது ஓர் இடம் திறக்கும். அன்ரி திறக்கமாட்டார். எதைக் கேட்டாலும் முதலில் கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார். பிறகு "பாப்பம்" என்பார். அதற்குமேல் நின்றால் "பாப்பம் எண்டெல்லோ சொன்னனான்" என்று குரல் உயரும்.

பாரிஸில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலில் 'ஓம்' மலிவாகக் கிடைக்கும் பண்டம். நான் வேலை தேடி அலைந்த நாட்களில் அதைப் பை நிறைய வாங்கியிருக்கிறேன். நகைக்கடை அண்ணையிடம் கேட்டால் "ஓம் தங்கச்சி, சொல்லுறன்." மரக்கறிக்கடையில் கேட்டால் "ஓம் ஓம், நம்பரைத் தாங்கோ." எல்லோரும் நல்லவர்கள்தான். ஒருவரும் கூப்பிடவில்லை. என் விசாக் கார்ட் முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. நிரந்தர வேலை ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் புதுப்பிக்கமாட்டார்கள். கார்ட் இல்லாவிட்டால் கிளிநொச்சியில் காத்திருக்கும் கணவரை எடுப்பது எங்கே, நானே இங்கே நிற்பது எங்கே? திரான்சியில் சித்தியின் மகள் வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டு இதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

அன்ரியை நான் சந்தித்தது பிள்ளையார் கோவில் வரிசையில். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, நல்ல உயரம், கைகளில் மட்டும் சதை. மேலே மெத்ரோ ஓடும் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய பிரெஞ்சு உணவகத்தில் குசினி வேலை. சுற்றிலும் சேலைக்கடையும் பலசரக்குக்கடையும் வந்தபிறகும் இடம் பெயராமல் உட்கார்ந்திருக்கிற கடை அது. வேலை கேட்டேன். முகத்தைப் பார்த்தார்.

"நீ மச்சம் மாமிசம் தின்னுவியோ?"

"தின்னுவன் அன்ரி."

"எல்லா மச்சமும்? பண்டி?"

"பண்டியும் தின்னுவன்."

"வெள்ளிக்கிழமை?"

அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. கோவில் வரிசையில் நின்றுகொண்டு, நெற்றி நிறையத் திருநீறோடு, வெள்ளிக்கிழமையில் பன்றி தின்பேனா என்று கேட்கிற மனுசியிடம் என்ன சொல்வது? பொய் சொல்லத் துணிவில்லை. "தின்னுவன்" என்றேன். "பாப்பம்" என்று சொல்லிவிட்டு அருச்சனைத் தட்டோடு முன்னே நகர்ந்துவிட்டார். இன்னுமொரு 'பாப்பம்' என்று நானும் மறந்துபோனேன். இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி அடித்தது. "திங்கள் காலமை வா. சப்பாத்து வழுக்காததாப் போட்டுக்கொண்டு வா" என்றார். அதுதான் அன்ரியின் ஓம். வேலை அதற்குள் ஒழுங்காகியிருந்தது.

அந்தக் குசினிக்குள் போனபிறகுதான் கோவில் வரிசைக் கேள்விக்கு அர்த்தம் தெரிந்தது.

கடையின் பத்ரோன், அதாவது முதலாளி, தொப்பையும் உரத்த குரலுமான மனிதர். அவருடைய தமையன் வேட்டைக்காரர். இலையுதிர் காலம் தொடங்கினால் கூட்டாளிகளோடு காட்டுக்குப் போவார். சுட்ட பன்றியில் தொடையையும் முதுகிறைச்சியையும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, ஒருவரும் விரும்பாத தலை, கால், காது, வால் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு வியாழக்கிழமைகளில் தம்பியின் கடைக்குக் கொண்டுவந்து இறக்குவார். அதில்தான் அந்தக் கடையின் பெயர்போன சனிக்கிழமைச் சாப்பாடு: காட்டுப்பன்றித் தலையை அவித்து, அதன் சாற்றிலேயே உறையவிட்டு, குளிரக் குளிரத் துண்டு போடுவது. பிரெஞ்சுக்காரர் இதற்குத் 'தலைச் சீஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சீஸ் மருந்துக்கும் கிடையாது. அன்ரி வைத்த பெயர் 'உறைஞ்ச கறி'.

"எங்கட வன்னியில பண்டியை எரிய எரியத் தின்னுவம். இவங்கள் குளிரக் குளிரத் தின்னுறாங்கள். பண்டிக்கு ரெண்டும் ஒண்டுதான்" என்பார்.

தலையின் மயிரை நெருப்பில் பொசுக்கிச் சுரண்டி உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது வியாழன் வேலை. வெள்ளி காலையில் அது கால்களோடும் காதுகளோடும் பெரிய சட்டிக்குள் இறங்கும். கூடவே கரட், வெங்காயம், கராம்பு, லோரியே என்கிற பிரியாணி இலை, வெள்ளை வைன். எலும்பு தானாக இறைச்சியைக் கைவிடும்வரை சின்ன நெருப்பில் கிடக்கும். உறையவைக்கும் பசை காலில்தான் இருக்கிறது, கால் இல்லாவிட்டால் எத்தனை தலை போட்டாலும் தண்ணீர்தான். பிறகு நாக்கின் தோலை உரித்து, காதை நூல்போல அரிந்து, சாற்றை வடித்து வற்றவைத்து, எல்லாவற்றையும் சேர்த்து, உப்பும் வினாகிரியும் மிளகும் பார்த்து மண்சட்டிகளில் ஊற்ற வேண்டும். சூட்டில் உப்பு ஒரு பிடி தூக்கலாக இருந்தால்தான் குளிரில் சரியாக இருக்கும். குளிர் உப்பைத் தின்றுவிடும். தலைக்குத் தலை, வற்றலுக்கு வற்றல் கணக்கு மாறும் என்பதால் கண்ணால் பார்த்து உப்புப் போட முடியாது. ருசி பார்த்தே ஆகவேண்டும்.

அங்கேதான் சிக்கல். பாத்திரம் கழுவுபவர் மாலி நாட்டுக்காரர், முஸ்லிம். சலாத்தும் இனிப்பும் செய்கிறவர் பங்களாதேஷ்காரர், அவரும் முஸ்லிம். அன்ரிக்கு வெள்ளிக்கிழமையில் மச்சம் கிடையாது. காலையில் பிள்ளையாரைக் கும்பிட்டுத் திருநீறோடுதான் வேலைக்கு வருவார். முதல் தடவை கண்டபோது பத்ரோன் "நெற்றியில் மா ஒட்டியிருக்கிறது, துடை" என்றாராம். அன்ரி துடைக்கவில்லை. பிறகு அந்த மனிதருக்கும் பழகிவிட்டது. பரிமாறுகிற பிரெஞ்சுப் பெடியன் இருந்தான். அவனுக்கு எதைக் கொடுத்தாலும் "சே போன்", நல்லாயிருக்கிறது என்பான். செருப்பை அவித்துக் கொடுத்தாலும் அதையேதான் சொல்வான். பத்ரோன் மத்தியான நெருக்கடியில் முன்பக்கம் நிற்பார், சட்டியடியில் நின்று உப்புப் பார்க்க அவருக்குப் பொழுதில்லை. ஆகப் பன்றியைச் சமைக்க ஆளிருந்தது, நம்பி உப்புப் பார்க்கத்தான் ஆளில்லை. என்னைக் குசினிக்குள் எடுத்ததே அதற்குத்தான். கிழமை முழுக்க வெங்காயம் உரித்தாலும், வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் ஒரு முக்கியமான ஆள். அன்ரி கரண்டியில் அள்ளி, ஊதி, என் வாய்க்கு நேரே நீட்டுவார்.

"பிள்ளை, உப்புப் பார்."

விரதகாரி பன்றித் தலையைப் பிளக்கலாமா என்று ஒருநாள் நக்கலாகக் கேட்டேன். "கைக்கு விரதமில்லை, வாய்க்குத்தான். வாயாலதானே சொன்னனான்" என்றார். ஆருக்கு, எதற்காகச் சொன்னது என்று அப்போது நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி எங்கள் சனத்துக்கு ஊரறிந்த வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அன்ரியின் வெள்ளிக்கிழமை ஊர் வழக்கமான வெள்ளிக்கிழமை அல்ல. கூசேன்வில்லில் ஒரு கல்யாணம், வெள்ளிக்கிழமையில் வைத்திருந்தார்கள். மரக்கறிச் சாப்பாடும் இருந்தது, கோழியும் இருந்தது. பரிமாறியவள் கோழிக்குள் விட்ட கரண்டியைப் பருப்புக்குள்ளும் விட்டதை அன்ரி கண்டுவிட்டார். சத்தம் போடவில்லை, குறை சொல்லவில்லை. கைப்பையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்து உரித்துச் சாப்பிட்டுவிட்டு, மொய்க் கவரையும் கொடுத்துவிட்டு, எல்லோரோடும் சிரித்துப் படமும் எடுத்துக்கொண்டு வந்தார். வாழைப்பழம் ஏன் பையில் இருந்தது என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை எல்லோ" என்றார்.

நான் வருவதற்கு முன் நடந்ததை மாலிக்காரர் சொல்லிச் சிரிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை பத்ரோன் கோபத்தில் கரண்டியை அன்ரியின் முகத்துக்கு முன்னால் நீட்டி, ஒரு துளிதானே, நக்கினால் என்ன என்று கத்தினாராம். அன்ரி ஏப்ரனைக் கழற்றினார், நான்காக மடித்தார், மேசையில் வைத்தார், வாசலால் நடந்துவிட்டார். மெத்ரோப் படியில் பாதி ஏறிவிட்ட மனுசியைப் பத்ரோன் மூச்சு வாங்க ஓடிப்போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தார். அத்தோடு அவர் அந்தக் கதை எடுப்பதில்லை. "என் குசினியில் என் சாப்பாட்டைச் சாப்பிட ஒருவரும் இல்லை" என்று வாடிக்கையாளரிடம் புலம்புவதோடு சரி.

இத்தனை கண்டிப்பான மனுசி சிரித்தால் குசினி அதிரும். ஒருமுறை மிஞ்சிய உறைஞ்ச கறியில் ஒரு பெரிய துண்டைச் சுற்றித் தந்தார். திரான்சிக்குக் கொண்டுபோய்க் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் சித்தியின் மகள் அக்கா அதை மைக்ரோவேவில் வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு இறைச்சியைக் குளிராகக் கொடுத்தால் மரியாதையில்லை என்று அவளுக்கு எண்ணம். உறைந்ததெல்லாம் உருகி, கோப்பை நிறையச் சாம்பல் நிறத் தண்ணீரும் அதில் மிதக்கும் காதும். அதைப் புட்டுக்கு ஊற்றி விருந்தாளிக்கும் கொடுத்துவிட்டாள். அடுத்தநாள் இதைச் சொன்னதும் அன்ரி வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்துவிட்டார். "பண்டிச் சொதி! எடி, பண்டிச் சொதி!" கண்ணைத் துடைக்கத் துடைக்கச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிய, "வந்த ஆள் என்ன சொன்னது?" என்று அக்கறையாகக் கேட்டார். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னது என்றேன். மறுபடியும் தொடங்கினார்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

வேலைக்கு எடுத்துப் பரீட்சித்துப் பார்க்கும் காலம் எனக்கு முடியப்போகிற நேரத்தில் கொரோனாக் காய்ச்சல் பிடித்தது. ஒரு கிழமைக்கு மேல் வேலைக்குப் போகவில்லை. அந்த வெள்ளியில் பரிமாறும் பெடியன்தான் உப்புப் பார்த்தான், வழக்கம்போல "சே போன்" என்றான். சனிக்கிழமை பத்ரோன் ஒரு வாய் வைத்துவிட்டு எல்லாச் சட்டியையும் குப்பையில் கொட்டினார். நான் திரும்பிப் போனபோது நேரே சொல்லிவிட்டார்: "வருகிற சனிக்கிழமை என் அண்ணனும் வேட்டைக்காரரும் குடும்பத்தோடு வருகிறார்கள். அது நல்லபடி முடியட்டும், உன் கொந்த்ராவில் கையெழுத்து வைக்கிறேன். இல்லையென்றால் வேறு நாக்கைத் தேடுகிறேன்." வேலை ஒப்பந்தத்துக்கு இங்கே கொந்த்ரா என்றுதான் சொல்வோம். அந்தக் கடதாசிதான் என் கார்ட், என் கணவர், எல்லாம்.

வெள்ளி மத்தியானம். இரண்டு பெரிய தலைகள், எட்டுக் கால்கள், சாறு வற்றித் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. அன்ரி கரண்டியை ஊதி நீட்டினார்.

"பிள்ளை, உப்புப் பார்."

வாயில் வைத்தேன். சூடு தெரிந்தது, பிசுபிசுப்புத் தெரிந்தது. வேறொன்றும் இல்லை. காய்ச்சல் வாய் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு கரண்டி கேட்டேன். அதுவும் வெந்நீர்.

"அன்ரி, எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

அன்ரி தேசிக்காயை வெட்டி என் வாயில் பிழிந்தார். தெரியவில்லை. வினாகிரியில் ஊறின வெள்ளரிப்பிஞ்சைத் தந்தார். கடிபட்டது, புளிக்கவில்லை. கோப்பித் தூளை மூக்கில் பிடித்தார். மண்ணைப் பிடித்தமாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாலிக்காரர் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கிட்ட வந்து, முடிந்தால் நானே பார்ப்பேன், ஆனால் கடவுள் மன்னிக்கமாட்டார் என்று பிரெஞ்சில் மெல்லச் சொன்னார். அவருடைய முகமும் வாடிப்போனது.

பத்ரோன் வந்துவிடுவார். அவரை ருசி பார்க்கச் சொன்னால் என் நாக்குப் போன கதை அப்போதே வெளியே வரும். கண்மதிப்பில் போட்டு அது சப்பென்று போனால் நாளைக்கு வரும். எப்படிப் பார்த்தாலும் கொந்த்ரா இல்லை.

"அழாதை. கண்ணீர் விழுந்தா உப்புக் கணக்கு மாறும்" என்றார் அன்ரி.

பிறகு குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். சுவரைப் பார்த்து உதட்டுக்குள் ஏதோ சொன்னார். ஏப்ரன் நுனியைத் தண்ணீரில் நனைத்து நெற்றித் திருநீற்றைத் துடைத்தார். பத்ரோன் சொல்லித் துடைக்காத திருநீறு. அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அன்ரி, வேண்டாம்."

அவர் கேட்கவில்லை. கரண்டியை எடுத்தார். நுனிநாக்கில் தொட்டுத் துப்பவில்லை. சாற்றைக் குடித்தார், காதுத் துண்டை நன்றாக மென்றார், விழுங்கினார்.

"உப்புக் காணாது. புளிப்பும் காணாது."

உப்புப் போட்டார், வினாகிரி விட்டார், கிளறினார், மறுபடியும் மென்றார். இன்னும் ஒரு சிட்டிகை. இன்னும் ஒரு வாய். குளிருக்காக ஒரு பிடி தூக்கலாக வந்ததும் "இப்ப சரி" என்று சட்டிகளில் ஊற்றத் தொடங்கினார். பத்ரோன் உள்ளே வந்து "உப்புப் பார்த்தாயா?" என்று என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கமுதல் அன்ரி தன் உடைந்த பிரெஞ்சில், "உப்புப் பாத்தாச்சு" என்றார். பொய்யில்லை.

சனிக்கிழமை உறைஞ்ச கறி கத்தி வைத்த இடத்தில் கத்தி நிற்க வெட்டுப்பட்டது. வேட்டைக்காரத் தமையன் வாயைத் துடைத்துக்கொண்டு குசினி வாசலுக்கே வந்து, தான் சுட்ட பன்றி இவ்வளவு நல்ல பன்றி என்று தனக்கே தெரியாது என்றார். திங்கட்கிழமை பத்ரோன் கையெழுத்து வைத்தார். மை காய முன்னரே அன்ரி என் முதுகில் இடித்தார். "இண்டைக்கே உண்மையைச் சொல்லு. ஒளிச்சு வைச்சு வேலை செய்யக்கூடாது." சொன்னேன். பத்ரோன் என்னைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார், அன்ரியை நெடுநேரம் பார்த்தார். என் நாக்குத் திரும்பும்வரை தானே வந்து உப்புப் பார்ப்பதாக முணுமுணுத்துக்கொண்டு போனார். திட்டவில்லை.

அன்று வேலை முடிந்து மெத்ரோப் பாலத்தின் கீழே நடந்தபோது கேட்டேன்.

"ஏன் அன்ரி அப்பிடிச் செய்தனீங்கள்? எத்தினை வருஷமாப் பிடிச்ச விரதம்?"

மேலே ரயில் போனது. அது போய் முடிந்ததும் சொன்னார்.

"வன்னியில கடைசிச் சண்டையில என்ர மூத்த மகன் கையை விட்டவன் பிள்ளை. சனத்துக்குள்ள. அவன் வந்து சேருமட்டும் வெள்ளியில வாயில மச்சம் வைக்கமாட்டன் எண்டு பிள்ளையாருக்குச் சொன்னனான். இண்டைவரைக்கும் ஒரு தகவலும் இல்லை."

அந்தச் சொல்லை உடைத்தா எனக்கு உப்புப் பார்த்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அன்ரிக்கு என் முகம் விளங்கியது.

"அது வராத பிள்ளைக்குச் சொன்ன சொல்லு. நீ வந்து நிக்கிற பிள்ளை. நிக்கிற பிள்ளையை விட்டிட்டு நான் பிள்ளையாருக்கு என்ன முகத்தைக் காட்டுறது? அவரோட நான் கதைச்சிட்டன். இனித் திரும்பத் தொடங்குவன்."

"நானும் வெள்ளி பிடிக்கிறன் அன்ரி. உங்கட மகனுக்காக."

"விசரி. நீயும் பிடிச்சா ஆர் உப்புப் பாக்கிறது?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்ந்து. "அப்ப செவ்வாய்" என்றேன். "செவ்வாய்க்கிழமை நான் பிடிக்கிறன். அவர் வாற வரைக்கும்."

அன்ரி முகத்தைப் பார்த்தார். 'பாப்பம்' என்பார் என்று காத்திருந்தேன்.

"ஓம்" என்றார்.

ஒருவர் கேட்டவுடன் அன்ரி ஓம் சொல்லி நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

இப்போது அன்ரி மகளோடு லியோனுக்குப் போய்விட்டார். மூட்டு நோ. குசினியில் நிற்க ஏலாது. வெள்ளிக்கிழமைகளில் உறைஞ்ச கறி நான்தான் ஊற்றுகிறேன், உப்பும் நானேதான் பார்க்கிறேன். நாக்கு முழுதாகத் திரும்பிவிட்டது. கார்ட் கிடைத்தது, கணவர் வந்தார், பொண்டியில் ஒரு சின்ன வீடு. எங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் அடியில் அந்த ஒரு கரண்டிச் சாறு இருக்கிறது. இதை நான் யாரிடமும் மறைப்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை கணவர் லாச்சப்பலிலிருந்து மட்டன் ரோல்ஸ் வாங்கி வந்தார், சூடாக. நான் பருப்பும் சோறும் போட்டுக்கொண்டு இருந்தேன்.

"இன்னும் எவ்வளவு காலத்துக்கு இந்தச் செவ்வாய்?" என்றார்.

"அன்ரியின்ர மகன் வருமட்டும்."

அவர் வருவாரா என்று கணவர் கேட்கவில்லை. நல்ல மனுசன். ரோல்ஸைக் கடித்துக்கொண்டு, "அவற்ற பேர் என்ன?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். அன்ரி சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"தெரியாது" என்றேன். "வரட்டும், கேப்பம்."